விமானம் ஏறும் சரக்கு: கடைக்காரர் அறிய வேண்டிய பாடம்

சரக்கு கடைப்படியை விட்டு இறங்கியதும் நமது பொறுப்பு தீர்ந்துவிட்டது என்று எண்ணுவது நல்ல வணிகருக்கு அழகன்று. வாங்கியவர் வீட்டில் அது நல்லபடியாகப் போய்ச் சேர்ந்து, அவர் மனம் நிறைந்தால்தான் அந்த விற்பனை முழுமை பெறுகிறது. உள்ளூர் வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் சரக்கில் இதை நாம் எப்போதும் கவனித்தே வருகிறோம். ஆனால் வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கும் மகளுக்கும் என்று சொல்லி வாங்கிச் செல்லும் சரக்கில் நம்மில் பலர் இந்தக் கவனத்தைச் செலுத்துவதில்லை.

இன்று வளைகுடா நாடுகள், சிங்கப்பூர், மலேசியா, இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று நம் மக்கள் போகாத நாடில்லை. சென்னை, திருச்சி, மதுரை, கோவை விமான நிலையங்களுக்குப் புறப்படும் முன் கடைசியாக வந்து நிற்கும் இடம் நமது மளிகைக் கடையும் மிட்டாய்க் கடையும்தான். அரைக்கிலோ நெய், ஒரு பாட்டில் ஆவக்காய், இரண்டு கிலோ அல்வா, சாம்பார்ப் பொடி, கொப்பரை, கசகசா என்று பட்டியல் நீளும். நாமும் மகிழ்ச்சியோடு எடுத்துக் கட்டித் தருகிறோம். அந்தப் பையில் பாதி, விமான நிலையத்துப் பாதுகாப்புச் சோதனையில் தொட்டிக்குள் போய்விடுகிறது என்ற செய்தி சில வாரம் கழித்தே நம் காதுக்கு வருகிறது. சில வேளை வருவதே இல்லை. அந்த வாடிக்கையாளர் மட்டும் வராமல் போய்விடுகிறார்.

ஆகவே விமானப் பயணிகளின் சாமான்களுக்கு உள்ள கட்டுப்பாடுகள் என்ன, அவை ஏன் வந்தன, நம் சரக்கில் எவை எவை அதில் மாட்டுகின்றன, நாம் செய்யக்கூடியது என்ன என்பதை இக்கட்டுரையில் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கட்டுப்பாடு வந்த கதை

பாட்டிலில் இருக்கும் எண்ணெயைப் பிடுங்கி வைத்துக்கொள்வது வீண் கெடுபிடி என்றே பயணிகளுக்குத் தோன்றும். அதற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு.

1987 நவம்பர் 29 அன்று கொரிய விமானம் ஒன்று நடுவானில் வெடித்து 115 பேர் இறந்தனர். அதில் பயன்பட்ட வெடிபொருளில் ஒரு பகுதி மதுபாட்டிலில் ஊற்றி வைக்கப்பட்ட திரவமாகும். 1994 டிசம்பர் 11 அன்று பிலிப்பைன்ஸ் விமானம் ஒன்றில் இருக்கைக்கு அடியில் குண்டு வெடித்து ஒரு ஜப்பானியப் பயணி உயிரிழந்தார். கண் வில்லை கழுவும் திரவத்துக்கான பாட்டிலில்தான் அந்த வெடிபொருள் உள்ளே போயிருந்தது. 2006 ஆகஸ்ட் 10 அன்று, குளிர்பான பாட்டில்களில் திரவ வெடிபொருளை ஏந்திச் சென்று அட்லாண்டிக் கடலைக் கடக்கும் பல விமானங்களைத் தகர்க்கப் போடப்பட்ட சதியை முறியடித்ததாக இங்கிலாந்துப் போலீசார் அறிவித்தனர்.

அன்றே அங்கு கைப்பையில் எந்தத் திரவமும் கூடாது என்று தடை வந்தது. சில வாரங்களுக்குப் பின் அத்தடை சற்றுத் தளர்த்தப்பட்டு, 100 மில்லி லிட்டர் என்ற அளவு பிறந்தது. ஐரோப்பிய நாடுகளில் 2006 நவம்பர் 6 முதல் அது நடைமுறைக்கு வந்தது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனம் 2007 மார்ச் 1 முதல் எல்லா நாடுகளும் இதனைப் பின்பற்றுமாறு கேட்டுக்கொண்டது.

நம் நாட்டில் விமானப் பாதுகாப்பு விதிகளை வகுப்பது சிவில் விமானப் பாதுகாப்புப் பணியகம். 1985 ஜூன் 23 அன்று ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் பெட்டியில் வைக்கப்பட்ட குண்டால் தகர்க்கப்பட்டு 329 பேர் மாண்டனர். அதன் பிறகு, 1987 ஏப்ரல் 1 முதல் இப்பணியகம் தனித்துறையாக இயங்கி வருகிறது. பெரும்பாலான பெரிய விமான நிலையங்களில் சோதனை நடத்துவோர் மத்திய தொழிற் பாதுகாப்புப் படையினர். அவர்கள் விதியை வகுத்தவர்கள் அல்லர், நிறைவேற்றுபவர்கள். அவர்களிடம் வாதாடிப் பயனில்லை. ஐயம் வந்தால் ஒரு பொருளைத் தடுக்கும் அதிகாரம் அந்த இடத்தில் அவர்களுக்கு உண்டு.

நூறு மில்லி என்றால் என்ன?

விமானப் பயணியின் சாமான் இரண்டு வகைப்படும். ஒன்று அவரோடு இருக்கைக்கு வரும் கைப்பை. மற்றொன்று விமான நிறுவனத்திடம் ஒப்படைத்து, விமானத்தின் அடிவயிற்றில் ஏற்றப்படும் பெட்டி. நூறு மில்லி விதி கைப்பைக்கு மட்டுமே உரியது. இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டாலே பாதிச் சிக்கல் தீர்ந்தது.

வெளிநாட்டு விமானம் ஏறும் பயணியின் கைப்பையில் உள்ள திரவப் பொருள் ஒவ்வொன்றும் 100 மில்லி அல்லது அதற்குக் குறைந்த கொள்ளளவு உள்ள கலத்தில் இருக்க வேண்டும். அத்தகைய கலங்கள் எல்லாம் சேர்ந்து, ஒரு லிட்டர் கொள்ளும், மூடித் திறக்கக்கூடிய, ஊடுருவித் தெரியும் ஒரே பையில் அடங்க வேண்டும். ஒரு பயணிக்கு ஒரு பைதான். பயணத்தின்போது வேண்டிய மருந்துக்கும் குழந்தை உணவுக்கும் விலக்கு உண்டு.

இங்கே பலரும் தவறுகிற இடம் ஒன்று உண்டு. கணக்கில் எடுப்பது உள்ளே இருக்கும் சரக்கின் அளவை அன்று, கலத்தின் கொள்ளளவை. 200 மில்லி பாட்டிலில் அடியில் 50 மில்லி நெய் மட்டும் இருந்தாலும் அது தடுக்கப்படும். அதிகாரி பார்ப்பது பாட்டிலின் மேல் அச்சிட்டுள்ள எண்ணைத்தான். எண் இல்லாத பழைய பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தால் அவர் கண்ணளவில் தீர்மானிப்பார். அது நமக்குச் சாதகமாக இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

உள்நாட்டு விமானங்களில் குடிதண்ணீர் பாட்டிலை விடுவதைப் பார்த்துவிட்டு, எண்ணெயையும் ஊறுகாயையும் விடுவார்கள் என்று நம்பிக் கொண்டுபோகிறவர்கள் உண்டு. டெல்லிக்குப் போகிறவராக இருந்தாலும் இவற்றைப் பெட்டியில் போடச் சொல்வதே நல்லது.

எவையெல்லாம் திரவம்?

நமக்குத் திரவம் என்றால் ஊற்றினால் ஓடுவது. பாதுகாப்பு விதியிலோ பசை, களி, கூழ், குழம்பு, நுரை, தெளிப்பான் எல்லாம் திரவத்தோடு சேர்த்தே எண்ணப்படுகின்றன. தடவினால் பரவும், அழுத்தினால் நெகிழும், கலத்தின் வடிவத்தை ஏற்கும் பொருள் எதுவும் இதில் அடங்கக்கூடும் என்று கொள்ள வேண்டும். நம் கடைச் சரக்கை இந்தக் கண்ணோடு பார்ப்போம்.

நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய், தேன் ஆகியவற்றில் ஐயமே இல்லை. நெய் குளிரில் உறைந்து கட்டியாக இருந்தாலும் அதே கணக்குத்தான். எண்ணெயில் மிதக்கும் ஊறுகாய், புளிக்காய்ச்சல், தக்காளித் தொக்கு, பூண்டு விழுது, இட்லி மாவு, தயிர், ஜாம் எல்லாம் இதில் சேரும். பழனிப் பஞ்சாமிர்தமும் அப்படியே. கோயில் பிரசாதம் என்று சொன்னாலும் எக்ஸ்ரே திரைக்கு அது தெரியாது.

திருநெல்வேலி அல்வாவும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் நடுவில் நிற்பவை. நாம் அவற்றை இனிப்பு என்கிறோம். சோதிப்பவர் நெய் கசியும் நெகிழ்ந்த பண்டம் என்று பார்க்கிறார். ஒரு நாள் விடுவார், ஒரு நாள் விடமாட்டார். பயணிகளுக்கு மிகுந்த எரிச்சலைத் தருவது இந்த நிச்சயமின்மையே. நிச்சயமில்லாததைக் கைப்பையில் வைக்கச் சொல்லாமல் இருப்பதே நாம் செய்யக்கூடியது.

கோவில்பட்டிக் கடலைமிட்டாய், மணப்பாறை முறுக்கு, சீவல், காராச்சேவு, பொரிவிளங்காய் உருண்டை, அதிரசம் போன்ற உலர்ந்த பண்டங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. கடலைமிட்டாய்க்கு 2020லும் முறுக்குக்கு 2023லும் புவிசார் குறியீடு கிடைத்ததை நாம் அறிவோம். கைப்பையில் எதையாவது கொண்டுபோகத்தான் வேண்டும் என்பவருக்கு முதலில் எடுத்துக்காட்ட வேண்டியவை இவைதாம்.

எக்ஸ்ரே திரையில் நமது சரக்கு

கைப்பை எக்ஸ்ரே இயந்திரத்துக்குள் செல்லும்போது திரையில் பொருள்கள் நிறம் பிரிந்து தெரிகின்றன. உணவு, துணி, காகிதம், பிளாஸ்டிக் போன்றவை ஆரஞ்சு நிறத்திலும், இரும்பு, பித்தளை போன்ற உலோகங்கள் நீல நிறத்திலும், இடைப்பட்டவை பச்சை நிறத்திலும் காட்சி தரும். வெடிபொருள்களில் பலவும் உணவைப் போலவே ஆரஞ்சு நிறத்தில்தான் தெரியும்.

இரண்டு கிலோ அல்வாவை ஒரே கட்டியாக, அலுமினியத் தாளில் சுற்றி, அதன் மேல் செய்தித்தாள், அதன் மேல் சணல் கயிறு, அதன் மேல் பசை நாடா என்று நாம் கட்டிக் கொடுத்தால் திரையில் என்ன தெரியும்? அடர்த்தியான பெரிய ஆரஞ்சுக் கட்டி, அதைச் சுற்றி உலோகப் படலம். பையைத் திறக்கச் சொல்லாமல் எப்படி விடுவார்? கட்டைப் பிரிப்பதற்குள் பின்னால் நிற்கும் வரிசை முணுமுணுக்கும். விமானத்துக்கு நேரமாகும். பதற்றத்தில் பண்டம் சிந்தும். நாம் பக்குவமாகக் கட்டியதாக நினைத்த கட்டே பயணிக்குப் பகையாகிவிடுகிறது.

ஆகையால் விமானத்துக்குப் போகும் பண்டத்தைக் கால்கிலோ, அரைக்கிலோ என்று சிறு பெட்டிகளாகப் பிரித்து, கண்ணாடி போன்ற தெளிவான உறையில், எளிதில் திறந்து மூடும் விதத்தில் கட்டுவது நல்லது. எக்ஸ்ரேயில் போவதால் உணவு கெட்டுப்போகும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் தேவையில்லை.

திரவம் அல்ல, ஆனாலும் தடை

திரவம் இல்லை என்பதாலேயே ஒரு பொருள் தப்பிவிடுவதில்லை. மளிகைக் கடையில் நாள்தோறும் விற்கும் சில சரக்குகளுக்குத் தனித்தடை உண்டு.

மிளகாய்ப் பொடி: கண்ணில் தூவினால் ஆயுதம் ஆகும் என்பதால் கைப்பையில் கூடாது. காரம் மிகுந்த மசாலாப் பொடிகளையும் பெட்டியில் போடச் சொல்வதே முறை. அமெரிக்கா செல்லும் விமானங்களில் 2018 ஜூன் 30 முதல் இன்னொரு விதியும் உண்டு. 350 மில்லி அளவுக்கு மேற்பட்ட எந்தப் பொடியானாலும் கைப்பையில் தனிச் சோதனைக்கு உள்ளாகும். தெளிவாகவில்லை என்றால் தடுக்கப்படும். காப்பிப் பொடி, சத்துமாவு, சாம்பார்ப் பொடி எல்லாம் இதில் அடக்கம். துபாயிலோ ஐரோப்பாவிலோ விமானம் மாறிப் போகிறவருக்கும் அமெரிக்கா செல்லும் அந்தக் கடைசி விமானத்தில் இது பொருந்தும்.

கொப்பரை: இதைக் கைப்பையிலும் கூடாது, பெட்டியிலும் கூடாது. எண்ணெய்ச் சத்து மிகுந்த உலர்ந்த தேங்காய் குவியலாக இருக்கும்போது தானாகவே சூடேறித் தீப்பற்றும் இயல்புடையது. ஆகவே உலக விமானப் போக்குவரத்தில் கொப்பரை அபாயப் பொருள் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. நெடுங்காலமாகக் கொப்பரை வாணிபம் செய்து வரும் நமக்கு, கிட்டங்கியில் மூட்டை சூடேறுவது புதிய செய்தி அன்று. முழுத் தேங்காயும் வழக்கமாகக் கைப்பையில் அனுமதிக்கப்படுவதில்லை. சபரிமலை செல்லும் பக்தர்கள் இருமுடியில் தேங்காயைக் கைப்பையாகவே கொண்டுசெல்ல 2024 அக்டோபரில் மத்திய அரசு தனி அனுமதி வழங்கியது. அது 2025 ஜனவரி 20 வரை மட்டுமே செல்லும் என்று காலவரையறையும் சொல்லப்பட்டது. இத்தகைய சலுகை பருவத்துக்கென அறிவிக்கப்படுவதாகையால், மாலை போட்டுக்கொண்டு வரும் வாடிக்கையாளர் அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கற்பூரம்: எளிதில் தீப்பற்றும் திடப்பொருள் என்பதால் இரண்டிலும் தடை. தீப்பெட்டியையும் லைட்டரையும் நம் நாட்டு விமான நிலையங்களில் எடுத்துவிடுவார்கள். பூசைச் சாமான் பொட்டலம் என்று மொத்தமாகக் கட்டித் தரும்போது கற்பூரமும் தீப்பெட்டியும் அதில் கிடக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். கிரகப்பிரவேசத்துக்கென்று கட்டிய பொட்டலம் முழுவதும் இந்தச் சிறு டப்பியால் கலைக்கப்படும்.

அரிவாள்மனை, கத்தி, தேங்காய்த் துருவி: கூர்மையானவை எல்லாம் பெட்டியில்தான். நினைவுப் பொருளாக வாங்கும் குத்துவிளக்கும் கனத்தாலும் கூரிய முனையாலும் கைப்பையில் தடுக்கப்படலாம். பாத்திரக் கடை உறுப்பினர்கள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும். பழைய விக்கிரகங்களைப் பொறுத்தமட்டில், நூறாண்டுக்கு மேற்பட்டவற்றைத் தனியார் நாட்டை விட்டுக் கொண்டுசெல்வது 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி குற்றமாகும். புதிய சிலையாக இருந்தாலும் விற்ற ரசீதைத் தவறாமல் கொடுப்பது வாங்குபவருக்குப் பெருந்துணை.

பெட்டியில் போட்டால் போதுமா?

எண்ணெயையும் ஊறுகாயையும் பெட்டியில் போட்டாயிற்று. இனிக் கவலையில்லை என்று இருந்துவிட முடியாது. பெட்டிக்குள் இரண்டு எதிரிகள் உண்டு. ஒன்று காற்றழுத்தம், மற்றொன்று எடை.

விமானம் மேலே பறக்கும்போது உள்ளே இருக்கும் காற்றழுத்தம் தரையில் இருப்பதைவிடக் குறையும். ஏறத்தாழ 8,000 அடி உயர மலையில் இருப்பது போன்ற நிலை வரை குறையலாம். அப்போது பாட்டிலின் கழுத்தில் அடைபட்டுள்ள காற்று, விரிய இடம் கிடைத்தால், மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக விரியும். மூடி சற்றே தளர்ந்திருந்தாலும் அந்தக் காற்று எண்ணெயைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். ஊட்டிக்குப் போகும் வழியில் சிப்ஸ் பொட்டலம் உப்பிப் புடைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே செயல்தான் இதுவும். பட்டுப்புடவை மேல் ஆவக்காய் எண்ணெய் படிந்தால், அந்த ஊறுகாய் எந்தக் கடையில் வாங்கியது என்பதை அந்தக் குடும்பம் ஆயுளுக்கும் மறக்காது.

இதற்குப் பரிகாரம் எளிது. மூடிக்கு அடியில் அலுமினியத் தாள் முத்திரை ஒட்டிய கலமே விமானத்துக்கு ஏற்றது. அது இல்லையானால், வாயை இறுக மூடி, மூடியைச் சுற்றிப் பசை நாடா ஒட்டி, ஒரு பிளாஸ்டிக் உறையில் இட்டு, அதனை இன்னோர் உறையில் இட்டு, இரண்டையும் தனித்தனியே இறுக்கிக் கட்ட வேண்டும். கண்ணாடி பாட்டிலை அறவே தவிர்க்கலாம். உடைவது ஒருபுறம் இருக்க, அதன் எடைக்கும் பயணி கணக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. காற்றை உறிஞ்சி அடைக்கும் பொட்டலம் மிகவும் உகந்தது. பலகாரத்துக்கும் பொடிக்கும் இவ்வகை இயந்திரத்தை வாங்கி வைத்தால் பண்டிகைக் காலத்திலேயே அதன் பயன் தெரியும்.

அடுத்தது எடை. ஒரு லிட்டர் நல்லெண்ணெய் ஏறத்தாழ 920 கிராம். கைப்பைக்குப் பல விமான நிறுவனங்கள் 7 கிலோ என்றே வரம்பு வைத்துள்ளன. பெட்டிக்கு உரிய வரம்பு நிறுவனத்துக்கு நிறுவனம், நாட்டுக்கு நாடு மாறும். வரம்பை மீறினால் கிலோவுக்கு இவ்வளவு என்று கட்டணம் கேட்பார்கள். அது சில வேளை சரக்கின் விலையையே மிஞ்சிவிடும். நாம் கட்டித் தரும் ஒவ்வொரு பெட்டியின் மேலும், உள்ளிருக்கும் சரக்கின் எடையோடு கட்டின் மொத்த எடையையும் எழுதிக் கொடுத்தால் வாடிக்கையாளர் வீட்டிலேயே கணக்குப் போட்டுக்கொள்வார். தராசு நம் கடையில்தானே இருக்கிறது!

கருவாடு கேட்பவருக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நாற்றம் வெளியே வரும் எந்தப் பெட்டியையும் விமான நிறுவனம் மறுக்கலாம். காற்றுப் புகாமல் அடைத்தால் மட்டுமே கொடுக்க வேண்டும்.

இறங்கும் நாட்டின் சட்டம்

புறப்படும் இடத்துச் சோதனையில் தப்பிய சரக்கு, இறங்கும் இடத்துச் சுங்கத்தில் மாட்டலாம். முன்னதில் இழப்பது பண்டத்தை மட்டும். பின்னதில் அபராதமும், சில பொருள்களுக்குச் சிறையும் உண்டு. நம் உறுப்பினர்கள் மிகவும் கருத்தூன்றிப் படிக்க வேண்டிய பகுதி இது.

கசகசா: நமக்குக் குருமாவில் அரைத்து ஊற்றும் சாதாரணச் சரக்கு. ஐக்கிய அரபு நாடுகள், சவூதி அரேபியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளில் அது போதைப்பொருள் சட்டத்தில் அடங்கும் தடைசெய்யப்பட்ட பொருள். தெரியாமல் கொண்டுவந்தேன் என்றால் அங்கு எடுபடாது. வேலைக்குப் போன இளைஞன் விமான நிலையத்தோடு கைதாகி நிற்கும் நிலை வரலாம். கசகசாவை நேராகக் கேட்பவரிடம் சொல்லிவிடலாம். ஆனால் கசகசா சேர்த்து அரைத்த குருமா மசாலாப் பொட்டலத்தை நாமே விற்கும்போது அது யார் கண்ணுக்கும் தெரியாது. சேர்மானம் என்ன என்று பொட்டலத்தின் மேல் பார்த்துச் சொல்லும் கடமை நமக்கு உண்டு. அரபு நாடுகளுக்கு வெற்றிலையும், சிங்கப்பூருக்கு மெல்லும் புகையிலையும் சூயிங்கமும் அனுப்பக்கூடாது என்பதையும் இத்துடன் நினைவில் கொள்ளலாம்.

கறிவேப்பிலை: அமெரிக்காவுக்குப் பச்சைக் கறிவேப்பிலை கூடாது. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அதன் மூலம் வந்துவிடும் என்பது காரணம். அங்கே பழத்தோட்டங்கள் பெரும் தொழில். ஒரு கொத்து இலைதானே என்று அவர்கள் விடுவதில்லை.

நெய், பால்கோவா: இங்கிலாந்தும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளும் நம் நாட்டிலிருந்து பயணிகள் பால் பொருள்களையும் இறைச்சிப் பொருள்களையும் கொண்டுவர அனுமதிப்பதில்லை. ஆஸ்திரேலியாவும் பால் சேர்ந்த இனிப்புகளைத் தடுக்கிறது. கால்நடைகளைத் தாக்கும் கோமாரி நோய் தங்கள் நாட்டுக்குள் புகுந்துவிடக்கூடாது என்பதே இவர்களின் பெருங்கவலை.

ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் போகிறவர் தம்மிடம் உள்ள உணவுப் பண்டம் எதுவானாலும் அட்டையில் எழுதிக் காட்டியே ஆக வேண்டும். காட்டினால் அதிகபட்சம் பண்டம் போகும். மறைத்தால் அபராதம் விழும். நியூசிலாந்தில் அந்த இடத்திலேயே 400 டாலர் அபராதம் விதிப்பார்கள். அமெரிக்காவிலும் இதே நடைமுறைதான். “எழுதிக் காட்டிவிடுங்கள்” என்று நாம் சொல்லும் ஒரு சொல் வாடிக்கையாளருக்குப் பல ஆயிரம் ரூபாயை மிச்சப்படுத்தும்.

எழுதிக் காட்டும்போது அதிகாரி கேட்பது, “இது என்ன?” என்றுதான். செய்தித்தாளில் மடித்த பொட்டலத்துக்குப் பயணியால் பதில் சொல்ல முடியாது. பொருளின் பெயர், சேர்மானம், தயாரித்த நாள், நிகர எடை, தயாரிப்பாளர் முகவரி, உணவுப் பாதுகாப்பு உரிம எண் ஆகியவை ஆங்கிலத்தில் அச்சிட்ட பொட்டலம் தானே பேசும். சட்டம் கேட்கிறது என்பதற்காக ஒட்டும் இந்தச் சீட்டு வெளிநாட்டில் நம் சரக்குக்குச் சாட்சியாக நிற்கிறது.

இடைவழியில் விமானம் மாறுகிறவர்கள்

விமான நிலையத்தின் உள்ளே, சோதனைக்கு அப்பால் இருக்கும் கடைகளில் வாங்கும் திரவத்துக்குத் தடையில்லை. வெளியே நம்மிடம் வாங்கிய தேனைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே அதே தேனை விற்கிறார்களே என்று பயணிகள் மனம் கசப்பதில் வியப்பில்லை. உள்ளே போகும் சரக்கும் சோதிக்கப்பட்டே போகிறது என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கம்.

ஆனால் அங்கு வாங்கியதும் இடைவழியில் பறிபோகலாம். விமானம் மாறும் நிலையத்தில் மீண்டும் சோதனை உண்டு. பிரித்தால் தெரிந்துவிடும் வகையில் முத்திரையிட்ட தனிப்பையில், ரசீது வெளியே தெரியுமாறு வைத்திருந்தால் மட்டுமே விடுவார்கள். ஊர் போய்ச் சேருமுன் அந்தப் பையைப் பிரித்தால் போயிற்று.

அமெரிக்கா செல்பவருக்கு இன்னொரு நுணுக்கம் உண்டு. அந்நாட்டில் முதலில் இறங்கும் ஊரிலேயே பெட்டியை எடுத்துச் சுங்கத்தில் காட்டி, மீண்டும் ஒப்படைக்க வேண்டும். அப்போது பெட்டியிலிருந்து ஊறுகாயை எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டால், அடுத்த உள்ளூர் விமானத்தின் சோதனையில் அதை இழக்க நேரிடும்.

விதி மாறுகிறதா?

பொருளைச் சுற்றிச் சுற்றிப் படமெடுக்கும் புதிய வகை இயந்திரங்கள் சில நாடுகளில் வந்துவிட்டன. மருத்துவமனையில் எடுக்கும் சி.டி. ஸ்கேன் போன்றதே இதுவும். இவற்றைப் பொருத்திய எடின்பரோ, பர்மிங்காம் விமான நிலையங்களில் 2025 ஜூலை முதல் கைப்பையில் 2 லிட்டர் கலம் வரை அனுமதித்தனர். ஐரோப்பிய ஒன்றியமும் அதே மாதத்தில் இவ்வகைத் தளர்வுக்கு வழி திறந்தது.

இதைக் கேட்டு நாம் அவசரப்படக் கூடாது. 2024இல் இதே போன்ற தளர்வு சில இடங்களில் வந்து, பிறகு ஜூன் மாதம் இங்கிலாந்திலும் செப்டம்பரில் ஐரோப்பாவிலும் திரும்பப் பெறப்பட்டது. மேலும், போகும் ஊரில் தளர்வு இருப்பதால் புறப்படும் ஊரில் விதி தளராது. எந்த நிலையத்தில் சோதனை நடக்கிறதோ அந்த நிலையத்தின் விதியே செல்லும். நூறு மில்லிக் கணக்கை வைத்தே நாம் வியாபாரம் செய்து வருவது பாதுகாப்பானது.

கடையில் நாம் செய்ய வேண்டியவை

“அண்ணாச்சி, பையன் துபாய் போறான். ரெண்டு கிலோ அல்வாவும் ஊறுகாயும் கட்டுங்க” என்று ஒருவர் வந்து நின்றால், சரக்கை எடுக்குமுன் இரண்டே கேள்வி கேட்க வேண்டும். “எந்த நாடு? கையில் கொண்டுபோறதா, பெட்டியில் போடுறதா?” இந்த இரண்டுக்கும் விடை தெரிந்துவிட்டால் எதைக் கொடுக்கலாம், எதைத் தவிர்க்கலாம், எப்படிக் கட்டலாம் என்பது தானாகவே விளங்கிவிடும். கல்லாவில் இருப்பவர் மட்டுமன்றி, சரக்குக் கட்டும் பையன்களுக்கும் இந்தக் கேள்விகளைப் பழக்கிவைக்க வேண்டும்.

இத்துடன் கீழ்க்கண்டவற்றையும் கடைப்பிடிக்கலாம்.

1. நெய், தேன், எண்ணெய் ஆகியவற்றில் கொள்ளளவு அச்சிட்ட 100 மில்லி பாட்டில்களைக் கொஞ்சம் இருப்பு வைக்க வேண்டும்.

2. கொப்பரை, கற்பூரம், கசகசா, மிளகாய்ப் பொடி ஆகிய நான்கின் பெயரையும் எழுதி, விமானப் பயணிகள் எங்களைக் கேட்டு வாங்கவும் என்று ஒரு சிறு பலகை மாட்டலாம்.

3. பயணிக்கென்று கட்டும் கட்டில் என்னென்ன இருக்கின்றன என்பதை ரசீதில் தனித்தனியே எழுதிக் கொடுக்க வேண்டும். பயணி அல்லாத ஒருவர் வாங்கிப் பயணியிடம் கொடுத்தனுப்பும் கட்டுக்கு இது மிகவும் தேவை. அடுத்தவர் கொடுத்த கட்டுக்கும் சுங்க அதிகாரியிடம் பதில் சொல்ல வேண்டியவர் பயணிதான்.

4. கைப்பைச் சோதனைக்குப் போகுமுன்னரே, பெட்டியை ஒப்படைக்கும் இடத்தில் ஐயமுள்ள பண்டங்களைப் பெட்டிக்கு மாற்றிக்கொள்ளச் சொல்ல வேண்டும். வழியனுப்ப வந்தவர்கள் சற்று நேரம் வாசலில் காத்திருந்தால், எடை மிஞ்சிய சரக்கையாவது வீட்டுக்குத் திரும்பக் கொண்டுபோகலாம்.

5. “ஒன்றும் கேட்க மாட்டார்கள், தைரியமாகக் கொண்டுபோங்கள்” என்று எக்காலத்திலும் சொல்லக்கூடாது. நமக்குத் தெரியாததை, விமான நிறுவனத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்வதில் இழுக்கில்லை.

இப்படிக் கேட்டுக் கேட்டு விற்றால் வியாபாரம் குறையாதா என்று சிலர் எண்ணக்கூடும். கசகசா நூறு கிராம் விற்காமல் போவதால் நமக்கு நட்டம் சில ரூபாய்தான். அதை விற்று, அந்த வீட்டுப் பிள்ளை அயல்நாட்டுக் காவலில் நின்றால், அந்தப் பழியை எந்த லாபத்தாலும் கழுவ முடியாது. மேலும், அல்வா வேண்டாம் என்று சொன்ன கையோடு கடலைமிட்டாயை எடுத்துக் காட்டினால் விற்பனை ஒன்றும் நின்றுபோவதில்லை.

நமது சங்கக் கிளைகளுக்கும் இதில் ஒரு பணி உண்டு. நம் ஊர்ப் பண்டங்களின் பெயரைச் சொல்லி, இது கைப்பையில் செல்லும், இது பெட்டியில் செல்லும், இது எதிலும் செல்லாது என்று தமிழில் ஒரு பட்டியலை வைக்குமாறு அருகிலுள்ள விமான நிலைய நிர்வாகங்களைக் கேட்டுக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் எழுதியுள்ள பொது விதியைப் படித்து, தொக்கு எந்த வகையில் சேரும் என்று கண்டுபிடிக்க எல்லாப் பெற்றோராலும் முடியாது. அத்தகைய பட்டியல் வந்தால் அதன் நகல் ஒவ்வொரு கடையிலும் தொங்கட்டும்.

மகனுக்கென்று தாய் வாங்கும் ஒரு பாட்டில் ஊறுகாயின் மதிப்பு நம் விலைச்சீட்டில் அடங்குவதன்று. அது கடல் கடந்து அவன் தட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். அதற்கு வேண்டிய விவரத்தைச் சரக்கோடு சேர்த்துக் கொடுப்பதற்கு நமக்குச் செலவு ஏதுமில்லை. அடுத்த விடுமுறைக்கு அவன் ஊர் திரும்பும்போது நம் கடைக்கே வருவான்.